எனக்கு முன்னால் மட்டும் நல்லபிள்ளையான கிளச்

ஓடவே ஓடாத வண்டியை எந்த மெக்கானிக்கும் எப்படியாவது சரிபண்ணிவிடுவான். சில நேரம் மட்டும் ஓடாத வண்டிதான் எங்கள் மானத்தை வாங்கும். பழைய கார் வாங்கியவர் என்றால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். வழியெல்லாம் மக்கர் பண்ணிய வண்டி, ஒர்க்ஷாப் வாசலுக்கு வந்ததும் ஒழுங்காக ஓடும். நீங்கள் அசடு வழிந்து நிற்பீர்கள். எதிரே நிற்கும் மெக்கானிக்கும் அப்போது அசடுதான் வழிகிறான், கையிலிருக்கும் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு அதை மறைக்கிறான், அவ்வளவுதான். உதியன்குளங்கரையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் என்னை விஜியின் கார் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

வாசலோடு நின்றுபோன நோய்

விஜி, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது, டியூப் மாற்றுவது என்று காலையில் கிளம்பினால் சாயங்காலம் வரை அலைச்சல். காரோடு என்ற ஊர்ப் பக்கம் அவள் போகும் வீடுகள் பலவற்றுக்கு பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடக்கவேண்டும். அதற்காகவே ஆசைப்பட்டு, நெய்யாற்றின்கரையில் ஒருவரிடம் பழைய கார் ஒன்றை வாங்கினாள். வாங்கிய கொஞ்ச நாளில் கிளச் சேட்டையைத் தொடங்கிவிட்டது. பெடலை அடிவரை மிதித்தாலும் கியர் விழாது, கர்ரென்று கத்தும். விட்டு மறுபடி மிதித்தால் ஒன்றுமே நடக்காததுபோல வழுக்கிக்கொண்டு விழும்.

என்னிடம் கொண்டுவந்தாள். சாவியை வாங்கி பாறசாலை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். கிளச் வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆயில் சரியான அளவில் இருந்தது, அடியில் எங்கேயும் கசிவு இல்லை. விஜி என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டும் தங்கப்பன், டியூபைத் தண்ணீரில் முக்கியபடியே சொன்னார்: “வைத்தியனைக் கண்டா மாறுத வயித்துவலி உண்டும் மக்கா. இது அந்த ரகமாக்கும்.”

மேட்

அடுத்த தடவை அவள் வந்தபோது நான் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகவே குனிந்து பார்த்தேன். கால் வைக்கும் இடத்தில் தடியான ரப்பர் மேட். அது நகர்ந்து நகர்ந்து பெடலுக்கு அடியில் போய்ச் சொருகிக்கொண்டிருந்தது. பெடல் முழுக்க இறங்காவிட்டால் கியர் எப்படி விழும்? கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவளுக்கு ஒரு சிறு பிரசங்கமே செய்து, மேட்டைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

இந்த மாதிரி சுலபமான காரணம் கிடைக்கும்போது மனசு அதைப் பிடித்துக்கொண்டு விடாது. அந்த வாரமே தனுவச்சபுரத்தில், காலேஜ் விடும் நேரம், நட்டநடு ரோட்டில் வண்டி கியர் விழாமல் நின்றிருக்கிறது. பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லையாம். பஸ் ஸ்டாப்பில் நின்ற பிள்ளைகள் மொத்தமும் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போது விஜிக்குக் கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்: “அண்ணா, மேட்டு பின்சீட்டில பத்திரமா இருக்கு. கொழப்பம் இப்பளும் முன்சீட்டிலதான் இருக்கு.”

பஸ் டிரைவரின் தீர்ப்பு

பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றி, குழாயில் காற்று இருந்தால் போகட்டும் என்று ஏர் எடுத்தேன். சில நாள் நன்றாக ஓடியது. பிறகு பழைய குருடி கதவைத் திறந்தாள். இந்தத் தடவை விஜியோடு அவள் புருஷன் சசியும் வந்தான். அரசு பஸ் டிரைவர். டியூட்டி முடிந்து, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தான். எங்கள் இருவரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஏற்றம், இறக்கம், வளைவு என்று ஒன்று விடாமல் ஓட்டிவிட்டு வந்தான். எங்கேயும் கியர் தகராறு பண்ணவில்லை. வண்டியை விற்றுவிடலாம், அவள் முன்புபோல பஸ்ஸில் போகட்டும் என்றான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எதிர்த்துப் பேச என் கையில் ஒன்றும் இல்லை. என் காலும் அவன் காலும் ஒரே சாட்சியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. விஜி ஏற்கெனவே வண்டியை எடுக்கப் பயந்து, ஆட்டோவுக்குக் காத்து நிற்க ஆரம்பித்திருந்தாள். காரோட்டில் ஒரு பெரியவருக்குக் காலையில் மாற்றவேண்டிய கட்டு மதியத்துக்குத் தள்ளிப்போனதாம். வண்டி ஓட்டத் தனக்குத்தான் வராதோ என்று அவளே என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் சசி முந்திக்கொண்டான்: “கிளச்சுக்கு ஒரு கொழப்பமும் இல்ல அண்ணா. இவளுக்க காலுக்காக்கும்.”

செண்டைக்காரர்

அதற்கப்புறம் நான் ஓட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை என்று பட்டது. யாருக்கு மக்கர் பண்ணுகிறதோ அவள் ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்கார்கிறேன் என்றேன். மறுநாள் காலை விஜி காரோட்டுக்குக் கிளம்பினாள். நான் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச தூரத்திலேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நான் கிளச்சைச் சட்டென்று மிதிப்பேன். சசி பஸ் பழக்கத்தில் ஓங்கியே மிதிப்பான். விஜியோ, வீங்கின காலை அமுக்கிப் பார்க்கிற மாதிரி, அத்தனை மெதுவாக மிதித்தாள். நிற்கவேண்டி வந்தால் கியரை எடுப்பதில்லை. எடுத்தால் மறுபடி விழுமோ விழாதோ என்ற பயத்தில், முதல் கியரிலேயே போட்டுக் கிளச்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது வண்டி ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. அவள் உள்ளே கட்டு மாற்றி முடிக்கும்வரை நான் வெளியே நின்று, அந்த வீட்டார் தந்த கட்டன்சாயாவைக் குடித்துக்கொண்டே, நம் பிழைப்பு இப்படி ஆகிவிட்டதே என்று யோசித்தேன். திரும்பும் வழியில் ஒரு சின்ன அம்பலத்தின் சாமி ஊர்வலம் குறுக்கே போனது. வண்டியை நிறுத்தினோம். செண்டை மேளம் நகர்வதாக இல்லை. விஜி வழக்கம்போல முதல் கியரில் கிளச்சை அமுக்கிக்கொண்டு காத்திருந்தாள். சமதளம் என்பதால் பிரேக்கில் கால் இல்லை. திடீரென்று வண்டி மெல்ல ஊர்ந்தது. நான் குனிந்து பார்த்தேன். அவள் கால் பெடலைத் தரைவரை அமுக்கித்தான் பிடித்திருந்தது. பெடலில் பிழை இல்லை, காலில் பிழை இல்லை, வண்டி மட்டும் கடைசி வரிசையில் செண்டை அடித்துக்கொண்டிருந்தவரின் முதுகை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது.

 எனக்கு அவரை இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் ஒரு பக்கம், நோய் கடைசியில் என் கண்முன்னால் வந்துவிட்டதே என்ற சந்தோஷம் மறுபக்கம். சிரித்துவிட்டேன். செண்டைக்காரர் திரும்பி, பம்பருக்கும் தன் வேட்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். அப்புறம் தாளம் பிசகாமல் அடித்துக்கொண்டே சொன்னார்: “மேளம் பிடிச்சா எறங்கி வந்து கேக்கணும். வண்டியோட வரப்பிடாது.”

மெதுவாக மிதித்தபோது

ஒர்க்ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலையாக, பெடலைக் காலால் மிதிக்காமல் கையால் மெல்ல மெல்ல அமுக்கினேன். எதிர்ப்பே இல்லாமல் அது பாட்டுக்கு இறங்கியது. சட்டென்று அமுக்கினால் கெட்டியாக நின்றது. பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் என்று ஒன்று உண்டு; நாம் மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுவது அதுதான். அதைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் வாஷரின் ஓரம் தேய்ந்திருந்தது. வேகமாக மிதித்தால் வாஷர் விரிந்து அடைத்துக்கொள்ளும். மெதுவாக மிதித்தாலோ, அமுக்கிப் பிடித்தாலோ ஆயில் அதன் ஓரமாகப் பின்னால் நழுவிவிடும். வெளியே ஒரு சொட்டுகூட வராது. நாங்கள் முரட்டுக் காலால் மிதித்து மிதித்து அந்த நோயை மூடிவைத்திருந்தோம்.

புது வாஷர் போடும் முன் சசியைக் கூப்பிட்டனுப்பினேன். பழையதையே திருப்பி மாட்டி, அவனை உட்காரவைத்து, மெதுவாக மிதிக்கச் சொன்னேன். அவனுடைய மெதுவும் ஓங்கி மிதிப்பதாகத்தான் இருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னேன். விரல் நுனியால் அமுக்கச் சொன்னேன். கடைசியில் பெடல் அவன் காலடியில் சத்தமில்லாமல் தரைக்குப் போனது.  அவன் விஜியைப் பார்த்து, வண்டியை விற்கவேண்டாம் என்று மட்டும் சொன்னான். தங்கப்பன் சிரிப்பை அடக்க டியூபைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

வேலை முடிந்து வண்டியை விஜியே எடுத்தாள். சசி பக்கத்து சீட்டில் மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். ரோட்டில் ஏறும் முன் கண்ணாடியை இறக்கி அவள் என்னிடம் சொன்னாள்: “வண்டிக்குப் பாத்தாச்சு அண்ணா. இனி ஒரு நாளு இவருக்க காலையும் கொண்டு வாறேன்.”

வண்டியின் எல்லாப் பாகத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு அதை ஓட்டுகிறவரிடம் கடைசியாகப் போவது எங்கள் தொழிலின் வழக்கம், அதனால்தான் எந்த மெக்கானிக்குக்கும் மதியச் சோறு சூடாகக் கிடைப்பதில்லை.