டிராயரில் திரும்ப வைத்த போன்

அந்தப் போனின் பின்னுறைக்குள் ஒரு ஊசி இருந்தது. சிவப்பு நூல் கோத்து, நூலை ஊசி மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, உறைக்கும் போனுக்கும் நடுவில் தட்டையாகச் செருகியிருந்தார்கள். தைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது அழைத்தால் ஊசியை வைக்க, போனுக்குச் சொந்தக்காரரான தையல்கார அக்காவுக்கு அதுதான் இடம் என்பது பிறகுதான் தெரிந்தது. காவல் நிலைய மேசையில் வைத்து உறையைக் கழற்றும்போது என் விரலில் நறுக்கென்று குத்தியது. "பாத்து தம்பி, எவிடென்ஸ்ல ரத்தம் பட்டுராம" என்று ஏட்டையா சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வாயெல்லாம் கசக்கிறது.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். தென்காசியில் சிறியதாக ஒரு கடை. உடைந்த போன்களிலிருந்தும் செத்துப்போன ஹார்டு டிஸ்க்குகளிலிருந்தும் படங்களை மீட்டுக் கொடுப்பேன். புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபோது மூன்றையும் இறக்கி வைத்துக்கொண்டு கதைப் புத்தகம் போலப் படித்தேன். போலீஸ் ஒரு வீட்டைச் சோதனை போட்டால் அதை முழுக்க வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். வாரண்ட் இல்லாமல் அவசரமாகப் போவதென்றால் ஏன் அவசரம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். போனிலிருந்து எடுத்ததை நீதிமன்றத்தில் காட்ட வேண்டுமானால், கோப்பின் கைரேகை மாதிரியான ஹாஷ் எண்ணோடு ஒரு சான்றிதழ் வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டு, நம்ம நாடு எங்கேயோ போய்விட்டது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு ஒரு காவல் நிலையம் வரைக்கும் போயிருக்கிறது. எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. ஒரு காலையில் ஏட்டையா போன் பண்ணி, "தம்பி, நல்லா வீடியோ எடுப்பியாமே, கொஞ்சம் வந்துட்டுப் போ" என்றார். சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

நான் உள்ளே போனபோது ஏட்டையாவும் இன்னும் இரண்டு பேரும் ஒரு போனுக்கு மேல் குனிந்து நின்றார்கள். ஒருவர் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். "ஏலே, இந்த டிசைனப் பாருல" என்றது ஒரு குரல். ஏதோ ரீல்ஸ் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் வந்ததும் ஏட்டையா அந்தப் போனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜீப் பண்பொழிக்குப் புறப்பட்டது. குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்திருந்தது, மலையிலிருந்து சாரல் ரோடு வரைக்கும் அடித்தது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்த பையன், வேலையை விட்டு நிறுத்தியதும் முதலாளிக்குக் குரல் பதிவில் கொலை மிரட்டல் அனுப்பிவிட்டு ஓடிவிட்டானாம். பண்பொழியில் தையல் கடை வைத்திருப்பவர் அவனுடைய அக்கா. அவனைப் பற்றி அந்த அக்காவின் போனில் ஏதாவது இருக்கும், அதைப் பறிமுதல் செய்யப் போகிறோம் என்று ஜீப்பில் சொன்னார்கள்.

"வாரண்ட் வாங்கியாச்சா சார்?" என்று என் படிப்பைக் காட்டினேன்.

"அவசரம்னா வாரண்ட் வேண்டாம்பா. நீதான் எல்லாம் படிச்சவன்லா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காரணம் எழுதணும்லா சார்?"

"எழுதிக்கிடலாம்."

அந்த ஒரு வார்த்தையில் மொத்தச் சட்டமும் அடங்கியிருந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தையல் அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டின் முன்னறைதான் கடை. வெட்டின துணிகளுக்கு நடுவே, கழுத்தில் அளவு நாடாவோடு நின்றார். எங்களைப் பார்த்து அவர் பயப்படவில்லை, களைத்துப்போயிருந்தார். ஏட்டையா பையிலிருந்து போனை எடுத்தார். தையல் மிஷின் டிராயரைத் திறந்தார். போனை உள்ளே வைத்து மூடினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்போ எடு தம்பி" என்றார்.

"நேத்து எடுத்துட்டுப் போன போனை எதுக்கு சார் திரும்ப வைக்கிய?" என்று அக்கா கேட்டார்.

"சட்டம் மாறிட்டும்மா. வீடியோ எடுக்கணும்."

"அப்போ நேத்து எந்தச் சட்டம்?"

"கட் பண்ணு தம்பி" என்றார் இன்ஸ்பெக்டர்.

கட் பண்ணினேன். முந்தின நாளே வந்து, எந்தக் காகிதமும் காட்டாமல், திறக்கிற பேட்டர்னையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனை எடுத்துப் போயிருக்கிறார்கள். வீடியோ எடுக்க மறந்தது ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதும்போதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. அதனால் சோதனையை மறுபடியும் நடத்துகிறார்கள், கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற படம் சரியாக விழவில்லை என்று மாப்பிள்ளையை இன்னொரு தடவை குனியச் சொல்வது போல. எல்லாம் எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. புரிந்த பிறகும், "அக்கா, டிராயரைக் கொஞ்சம் மெதுவாத் திறங்க, வெளிச்சம் பத்தல" என்று சொன்னேன். என் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா! எதிர் டீக்கடைக்காரரும் ஒரு ஆட்டோக்காரரும் சாட்சிகள். மகஜரில் எழுத்து ஏறுவதற்கு முன்பே அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். எட்டு நிமிட வீடியோ. ஆட்டமே இல்லாமல் எடுத்திருந்தேன். இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டினார்.

ஸ்டேஷனுக்குத் திரும்பி, போனில் இருந்ததை எல்லாம் நகலெடுத்து, ஹாஷ் எண் போட்டு, சான்றிதழில் கையெழுத்திட்டேன். அந்த எண், நான் தொட்ட பிறகு எதுவும் மாறவில்லை என்று மட்டும்தான் சொல்லும். எனக்கு முன்னால் எத்தனை விரல்கள் அந்தத் திரையைத் தள்ளின என்று சொல்லாது. எச்சில் பாத்திரத்துக்கு அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்தவன் நான்.

அந்தப் போனில் தம்பிக்காரனைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் பெண்கள் அனுப்பிய படங்கள். அக்காவின் வேலை முறை அப்படி. தைத்த ஜாக்கெட்டை வீட்டில் போட்டுப் பார்த்து, கை இறுக்கமா, கழுத்து இறக்கமா, முதுகில் சுருக்கம் விழுகிறதா என்று கண்ணாடி முன் நின்று படமெடுத்து அனுப்புவார்கள். வடகரை, செங்கோட்டை, கடையநல்லூர் என்று சுற்று வட்டாரத்துப் பெண்கள். பிள்ளை பெற்றுச் சில மாதமே ஆனவர்கள் இருந்தார்கள், கடைக்கு வந்து அளவு கொடுக்கக் கூச்சப்படுகிறவர்களும் இருந்தார்கள். பார்த்துவிட்டு ஊசியைக் கையில் எடுக்கிற அந்த ஒருத்தியின் கண்ணுக்காக அனுப்பியவை அவை. ஏட்டையா பார்த்த டிசைன் எது என்று அப்போது தெரிந்தது.

பையன் மூன்றாம் நாளே புனலூரில் பிடிபட்டான். மிரட்டல் அவனுடைய போனிலேயே இருந்தது. அக்காவின் போன் மட்டும் மாதக்கணக்கில் நிலையத்து அலமாரியில் கிடந்து, வழக்கறிஞர் மனுப் போட்ட பிறகு திரும்பி வந்தது. சோதனை வீடியோ எடுக்க இப்போதும் வேறு வேறு நிலையங்களிலிருந்து என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் போவதில்லை. போகாததால் ஒன்றும் நின்றுவிடவில்லை. அவர்களே எடுக்கப் பழகிவிட்டார்கள்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. அக்கா வீட்டுச் சோதனையும் வழக்குக் கட்டில் இருந்ததால் என்னைச் சாட்சியாகப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் ஏட்டையா கடைக்கு வந்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, என்னா" என்று சொல்லிவிட்டுப் போனார். பையனுடைய வழக்கறிஞர் கேட்டது ஒரே கேள்விதான்: இந்த வீடியோவில்தான் போன் முதன்முதலாக எடுக்கப்படுகிறதா? "இல்லை. முந்தின நாளே எடுத்துவிட்டார்கள். திரும்ப டிராயரில் வைத்து எடுக்கச் சொன்னார்கள்" என்றேன். நடுவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். படியிறங்கும்போது உடம்பே லேசாக இருந்தது. ஏட்டையா முகத்தைத் திருப்பிக்கொண்டதுகூடப் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா என் கடைக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். கையில் அளவு நோட்டு. வாடிக்கையாளர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன, சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சில் கோடு.

"வடகரை முடிஞ்சிட்டு. பண்பொழில இன்னும் நாலு வீடு கெடக்கு" என்றார்.

"எதுக்குக்கா?"

"என்னை நம்பித்தானே படம் அனுப்புனாவ. பேட்டர்னக் கேட்டு வாங்கிட்டுப் போனாவளே, பாக்காமலா இருந்திருப்பாவ? ஸ்டேஷன்ல வச்சுப் பாத்துட்டாவன்னு நாந்தானே சொல்லணும். வேற யாரு சொல்லுவா?"

ஒருத்தி கதவைச் சாத்திவிட்டாளாம். ஒருத்தி பாதி தைத்த துணியைத் திருப்பிக் கேட்டாளாம். இன்னொருத்தி, புருஷன் துபாயில் இருக்கிறவள், நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுதாளாம். வயதான ஒரு அம்மா மட்டும், "என்னத்தப் பாத்தானுவளாம், போறானுவ நாசமா" என்று காப்பி கொடுத்து அனுப்பினாராம். எல்லாவற்றையும் துணிக்கணக்கு சொல்வது போல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார். பிறகு கேட்டார்.

"நீங்க பாத்தியளா தம்பி?"

நீதிமன்றத்தில் இதை யாரும் கேட்கவில்லை.

"காப்பி சரியா விழுந்திருக்கான்னு பாக்கணும்லாக்கா... அதுக்காகக் கொஞ்சம் பாத்தேன்."

கொஞ்சம் இல்லை. சரியாக விழுந்திருக்கிறது என்று மூன்றாவது படத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்கு மேலும் பார்த்தேன்.

அக்கா கோபப்படவில்லை. நோட்டை மடியில் விரித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "யார் யாருன்னு சொல்லுங்க. அவங்ககிட்ட போய்ச் சொல்லும்போது சரியாச் சொல்லணும்லா."

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். ஒரு பச்சைத் துணி வந்தது, ஒரு தோள் வந்தது, ரசம் உதிர்ந்த கண்ணாடியின் விளிம்பு வந்தது.

"முகம் ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா."

"இருக்காது" என்றார். "அப்போ எல்லார்ட்டயும் சொல்லிருதேன், கடைக்காரத் தம்பியும் பாத்துச்சுன்னு."

கோடு போட்டு முடித்த பெயர்களிலிருந்தே மறுபடியும் தொடங்குவதற்காக, நோட்டின் முதல் பக்கத்துக்குப் புரட்டினார்.