மூக்குத்திக்கு விட்ட வெள்ளை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, நடந்தது நடந்ததுதான்.

சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, இறந்துபோன மனைவியை வாட்டர்கலரில் வரைந்து தரச் சொல்லியிருந்தார். மறுநாள் முதல் வருஷத் திதி, படத்தை வைத்துத்தான் மாலை போட வேண்டும். அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை. அவர் மொபைலில் அனுப்பிய, கழுத்துக்கு மேலே மட்டும் தெரிகிற ஒரே ஒரு போட்டோதான். பட்டுச்சேலையும் பூவும் நானாகப் போட்டுக்கொண்டேன்.

வாட்டர்கலரில் வெள்ளை பூசுகிற வழக்கம் எனக்கில்லை, தாளைத்தான் அப்படியே விடுவேன். போட்டோவில் கண்டபடி வலது மூக்கில் வைர மூக்குத்திக்குக் கடுகளவு விட்டேன். காபி குடித்துவிட்டு வந்தால் அந்த இடம் தோல் நிறத்தில் அடைந்து கிடக்கிறது. தண்ணீர் கூடிவிட்டதாக்கும் என்று இன்னொரு தாள் எடுத்து, இந்தத் தடவை அங்கே ரப்பர் பசை வைத்து மூடி, மேலே வண்ணம் அடித்து, காய்ந்ததும் உரித்தேன். அடியிலும் தோல் நிறம்!

"நீ தொட்டியா?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"ஆமா, எனக்கு வேற ஜோலி இல்லியாக்கும்" என்றாள்.

மூன்றாவதுதான் கடைசித் தாள். பட்டப்பகல், கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு தும்மல், அவ்வளவுதான். வலது பக்கம் அடைந்துவிட்டது, நான் ஒழுங்காகப் பூசி முடித்திருந்த இடது மூக்கில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளி. பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தேன். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எடது மூக்குலல்லா அவ குத்தியிருந்தா. அது செல்ஃபி, எடமும் வலமும் மாறிக் கெடக்கும். சொல்ல மறந்துட்டேனேன்னு கெடந்து தவிச்சேன். சாருக்கு எப்படித் தெரிஞ்சு?"

சிரித்துவைத்தேன். பாராட்டையும் வாங்கிக்கொண்டேன், வெட்கக்கேடு.

கையெழுத்தில்லையே என்று பிறகு கூப்பிட்டார். போய்க் கீழ்மூலையில் போட்டேன், என் கண்முன்னால்தான் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். அடுத்த வாரம் பார்த்தால் அந்த மூலையில் ஒன்றுமே இல்லை. அழித்த கறைகூட இல்லாத வெறும் தாள். சட்டத்தைப் பிரித்து மறுபடி போட்டேன், அதுவும் போய்விட்டது.

"இன்னொருக்கா வந்து போடுங்க சாரே" என்று இப்போதும் அழைக்கிறார். நான் போகவில்லை. வரைந்தது நானாக இருந்தால்தானே போட.