டிரைவர் இறங்கணும்

லாரிகளை நிறுத்தி எடை போடும் அந்த மேடையில் அவளுக்குக் கிலோ அக்கா என்று பெயர். வைத்தது ஏதோ ஒரு டிரைவருடைய வாய்க்கொழுப்பு, அப்படியே ஒட்டிக்கொண்டது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூண்டு, அதில் ஒரு சின்ன ஜன்னல். லாரி ஏறி நின்றதும் ஒலிபெருக்கியில் அவள் குரல் வரும்: "டிரைவர் இறங்கணும்." நாள் முழுக்க இதே பாட்டுதான். சரக்கோடு ஒரு தடவை, சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஒரு தடவை எடை போடுவாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. முதல் தடவை வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அடுத்த தடவை கீழே நின்றால், டிரைவருடைய தொந்தியும் சிமெண்டோடு சேர்ந்து விலைபோய்விடும். அதனால் எப்பேர்ப்பட்ட ஆளும் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த விஷயத்தில் கிலோ அக்காவிடம் யாருடைய பருப்பும் வேகாது.

அவளுடைய அம்மா துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் மெஷின் மெக்கானிக்காக இருந்தவள். நீளமான கூடத்தில் வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள். ஏதாவது ஒன்று மக்கர் செய்தால் அம்மா மேஜையில் கையை ஊன்றி, வலது காதைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வாள். இடது காதை அந்த இரைச்சல் எப்போதோ தின்று ஏப்பம் விட்டுவிட்டது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எந்த இடத்தில் கோளாறு என்று சொல்வாள். திருப்புளியெல்லாம் அதற்கப்புறம்தான். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கப்போன மகள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். இப்போது மகளுக்கே தலை நரைத்துவிட்டது. அந்த வாய் மட்டும் இன்னும் முழுசாக மூடவில்லை.

முழுங்கினால் வலிக்கிறது என்று அம்மா சொன்னபோது சளி என்றுதான் இருவரும் நினைத்தார்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தே நாளைக் கடத்தினாள் அம்மா. கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாக்கின் அடியில், தொண்டை தொடங்கும் இடத்தில், புற்றுநோய்.

டாக்டர் இளம்பெண். பூசி மெழுகத் தெரியாதவள். கதிர் சிகிச்சை கட்டாயம், அதோடு ஒரு மருந்தும் சேர வேண்டும், அதற்கு இரண்டு வழி இருக்கிறது என்றாள். முதலாவது பழைய மருந்து. பல காலம் பார்த்த கை, பலமும் அதிகம். ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், காதையும் காவு வாங்கலாம். இரண்டாவது குறி பார்த்து அடிக்கும் மருந்து. அது காதைத் தொடாது. முகத்திலும் மார்பிலும் பரு மாதிரி கிளம்பும். சிலருக்கு முதல் டிரிப்ஸ் ஏறும்போதே ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு.

"ரெண்டாவது கொஞ்சம் இளைச்சதுதான், நான் மறைக்க மாட்டேன்," என்றாள் டாக்டர். "ஆனா ஏற்கெனவே காது மங்கினவங்களுக்கு முதல் மருந்தக் கொடுக்க யோசிப்போம். காது டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, பேசலாம்."

குறி பார்த்து எப்படி அடிக்கும் என்று மகள் கேட்டாள். உடம்பின் ஒவ்வொரு செல்லின் மேலும் குட்டிக் குட்டி வாசல்கள் இருக்கின்றன, வளரச் சொல்லும் கட்டளை அவற்றின் வழியாகத்தான் உள்ளே போகிறது, இந்த மருந்து போய் அந்த வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்று டாக்டர் விளக்கினாள். புற்றில் அந்த வாசல்கள் ஏராளம். தோலிலும் அதே வாசல் உண்டு, அதனால்தான் பரு. பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்கே தெரியாத இத்தனை வாசலும் இதற்குள்தான் இருக்கிறதா? அதைக் கண்டுபிடித்து, அதற்கென்றே அளவெடுத்து ஒரு மருந்தும் செய்திருக்கிறார்களா? எவ்வளவோ லாரிகளை நிறுத்துப் பார்த்தவளுக்கு, ஒரு மனித உடம்பின் கனம் அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆனாலும் மனதுக்குள் அவள் முடிவு கட்டிவிட்டாள். பலமான மருந்துதான். காது போனால் போகட்டும், அம்மா இருந்தால் போதும். பஸ்ஸில் அம்மாவின் வலது காதில் அதைச் சொல்லவும் சொன்னாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காது டெஸ்டுக்கு அம்மாவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் வந்தால் அமுக்க வேண்டும். டெஸ்ட் எடுப்பவருக்குக் கொஞ்ச நேரத்திலேயே முகம் சுருங்கியது. சத்தம் வரும்போது கை சும்மா இருக்கிறது, அப்புறம் சம்பந்தமில்லாமல் அமுக்குகிறார், வலது காதும் அநேகமாகப் போய்விட்டது போல என்று மகளிடம் தணிந்த குரலில் சொன்னார். மகள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் பார்த்த அதே சாய்வு. சத்தம் போவதைக் காட்டும் விளக்கு டெஸ்ட் எடுப்பவரின் மேஜையில் எரிந்தது, அணைந்தது. அது அணைந்த நொடியில் அம்மாவின் விரல் பொத்தானை அமுக்கியது. மறுபடியும் எரிந்தது, அணைந்தது, அமுக்கினாள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

வெளியே வந்த அம்மாவை ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவள்தான் ஆச்சரியப்பட்டாள். "சத்தம் ஓடிட்டிருந்தா நான் எதுக்குக் கை வைக்கணும்? நின்னாத்தானே கை வைக்கணும்?"

டெஸ்ட் எடுப்பவர் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தார். வலது காது கொஞ்சம் மங்கல், ஆனால் நன்றாகவே கேட்கிறது என்று வந்தது. மகளுக்குச் சிரிப்பு வரவில்லை, மேலெல்லாம் புல்லரித்தது. இந்தக் காதுக்குள் எவ்வளவு வருஷ வேலை இருக்கிறது! ஓடிக்கொண்டிருக்கும் அத்தனை மெஷினுக்கும் நடுவே, நின்றுபோன ஒன்றைக் கேட்கிற காது. அதைப் போனால் போகட்டும் என்று பஸ்ஸில் வைத்துச் சொன்னோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இருந்தாலும் பயம் விடுகிறதா? வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும், எதற்கும் பலமானதையே கேட்டுப் பார்ப்போமே என்று மறுபடி ஆரம்பித்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடை போடும்போது டிரைவர இறங்கச் சொல்லுவியே. நீ இறங்கினியா?"

மகள் இறங்கவில்லைதான். அம்மா இல்லாத வீட்டில் தனியாக இருக்க வேண்டுமே என்ற பயம் அத்தனை நாளும் தராசில் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அதையும் சேர்த்துத்தான் அவள் எடை போட்டிருக்கிறாள்.

"எனக்கும் உசுரு வெல்லம்தான்டி," என்றாள் அம்மா. "ஆனா எனக்குக் கேக்கணும். நீ பேசறது கேக்கணும்."

மகள் தலையாட்டினாள். டெஸ்டைப் பார்த்த டாக்டர், முடிவை என்னிடமே விட்டிருந்தாலும் இந்தக் காதுக்கு இரண்டாவது மருந்தைத்தான் சொல்லியிருப்பேன் என்றாள்.

முதல் டிரிப்ஸ் வம்பில்லாமல் ஏறியது. கொஞ்ச நாளில் அம்மாவின் முகம் முழுக்கப் பரு கிளம்பியது. குறி பார்த்து அடிக்கிற மருந்துக்கு என் மூஞ்சியில் என்ன வேலை என்று அம்மா டாக்டரையே வம்புக்கிழுத்தாள். பலருக்கு இது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், ஆனால் உத்தரவாதம் இல்லை என்றாள் டாக்டர். விரல் நுனிகள் வெடித்தன. இன்னொரு அதிசயமும் நடந்தது. கண் இமை மயிர் நீண்டு வளர்ந்து சுருண்டது. கல்யாணத்தன்றுகூட இந்த அழகு இல்லை என்று அம்மா கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். உள்ளே எங்கோ வாசல்களில் நடக்கும் சண்டைக்கு இமையில் பூ பூக்கிறதே என்று மகள் அதிசயித்தாள். பிறகு கதிரின் சூட்டில் தொண்டை புண்ணாகி, சாப்பாடு மூக்குக் குழாய் வழியாக இறங்கத் தொடங்கியது. அம்மாவின் குரல் போய்விட்டது.

சிகிச்சை முடிகிற சமயத்தில் டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தாள். கட்டி சுருங்கியிருக்கிறது, ஆனால் ஸ்கேன் எடுக்கும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்கு இன்னும் சில மாதம் ஆகும் என்றாள்.

அன்று சாயங்காலம் மகள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இளைத்த மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டோமோ என்ற எண்ணம் விடவில்லை. தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலுக்குள் அழுதாள். பக்கத்து அறையில் அம்மா இருக்கிறாளே என்று நினைவு வந்ததும் பல்லைக் கடித்து அழுகையை நிறுத்தி, மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

அழுகை நின்றதும்தான் அம்மா எழுந்து வந்தாள்.

வெடித்த விரல்களை மகளின் தோளில் ஊன்றி, வலது காதை அவள் முதுகில் சாய்த்துக் கண்ணை மூடினாள். நீண்ட இமைகள் ரவிக்கைக்கு மேலே வெறும் தோலில் குறுகுறுத்தன. மகள் கையை நீட்டிக் குழாயை மூடினாள். பிடித்து வைத்திருந்த மூச்சு தானாக வெளியே வந்தது, அதோடு அழுகையும் வந்தது. அம்மா காதை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, குரலே இல்லாமல் வெறும் காற்றாக, "ஓடுது," என்றாள்.