சாக்கோட்டையில் ஒரு டீசல் பந்தயம்

சனிக்கிழமை காலை 6.10-க்குக் கோவை சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். தோளில் ஒரு பை, மடியில் ஒரு ஹெல்மெட். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவனைப் பார்த்தால் யாருக்கும் பரிதாபம்தான் வரும். நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "வண்டி வழியில நின்னு போச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தொன்பது வயதில் கார் பந்தயம் ஓட்டக் காரைக்குடி போகிறேன் என்று விளக்குவதற்கு அதுவே மேல்.

பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடி. சுமார் 265 கிலோமீட்டர். நத்தம் தாண்டியதும் மண் சிவக்க ஆரம்பிக்கிறது, கண்மாய்கள் வருகின்றன. நான்கு வருடங்களுக்கு முன்பு வரை மாதம் ஒரு தடவையாவது இந்தப் பாதையில் வந்தவன் நான். என் தங்கை வசந்தி காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கணவர் முத்துக்குமார், என் மாப்பிள்ளை, செக்காலைப் பக்கம் டீசல் வண்டிகளின் பம்ப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். எனக்கும் கோவையில் அதே தொழில். நான்கு வருடங்களுக்கு முன்பு வசந்தி காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து மாப்பிள்ளை செல்வி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பத்திரிகை வந்தது. நான் போகவில்லை.

போன மாதம் மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், சாக்கோட்டைப் பக்கம் பத்து மணி நேர ரேஸ் ஒண்ணு நடத்துறாக. டீசல் வண்டிக்குத் தனிப் பிரிவு. நம்ம வண்டியைத் தயார் பண்ணிட்டேன். ரெண்டு பேரு ஓட்டணும். வாரீகளா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வேறு ஆளே அவருக்குக் கிடைக்கவில்லையா, அல்லது வேண்டுமென்றே என்னைக் கூப்பிட்டாரா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு மனைவி, மக்கள் கிடையாது. தங்கையும் போன பிறகு அந்த வீட்டுக்கு நான் யார்? இந்தப் பயணத்தில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மதியம் 1.40. காரைக்குடி புதிய பேருந்து நிலையம். வீட்டுக்கு வரச்சொல்லி மாப்பிள்ளை சொல்லியிருந்தார். நான் எதிரே இருந்த லாட்ஜில் 650 ரூபாய்க்கு அறை எடுத்துக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு கட்டடத்தின் சுவர் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை 5.45. பந்தயத் திடலுக்குப் பதினொரு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 250 ரூபாய். ஓட்டுநர் ஜபருல்லா துபாயில் ஒன்பது வருடம் டீசல் பிக்கப் ஓட்டியவராம்.

"டீசல் வண்டியிலயா ரேஸ் விடப் போறீக? அது சுமை இழுக்குற வண்டியாச்சேண்ணே!" என்றார்.

"இதுவும் சுமைதானுங்க. பத்து மணி நேரம் இழுக்கணும்" என்றேன்.

அவர் நம்பவில்லை. பிரான்சில் இருபத்துநான்கு மணி நேரம் ஓடும் பந்தயம் ஒன்று இருக்கிறது, அதில் டீசல் கார்கள் பல வருடம் தொடர்ந்து ஜெயித்திருக்கின்றன என்று சொன்னேன். அந்தக் கார்கள் சத்தமே இல்லாமல் போகுமாம். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கே சப்பென்று ஆகிவிட்டதாம். பிறகு அந்த நிறுவனங்கள் விலகிக்கொண்டன, டீசலும் அங்கிருந்து போய்விட்டது. "ஜெயிச்சுட்டுப் போயிருச்சா? அப்ப மருவாதையாத்தான் போயிருக்கு" என்றார் ஜபருல்லா. எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

6.15. லாரிகளை ஓட்டிச் சோதிப்பதற்காகத் தனியார் நிலத்தில் போட்ட பாதை அது. ஒரு சுற்று 2.3 கிலோமீட்டர். ஓரமெல்லாம் பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். புதுவயல் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் வாடை காற்றில் வந்துகொண்டிருந்தது. மொத்தம் இருபத்திரண்டு கார்கள், அவற்றில் டீசல் ஒன்பது. எங்கள் கார் பதினான்கு வயதான டீசல் கார். பின்னிருக்கை, டாஷ்போர்டு, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்திருந்தார் மாப்பிள்ளை. இதே காரை மூவருமாகச் சேர்ந்து ஒரு தடவை கோவையில் பந்தயத்துக்கு விட்டிருக்கிறோம். நானும் அவரும் ஓட்டினோம், வசந்தி பலகை பிடித்தாள்.

எங்களைப் போன்ற ஏழை அணிகளுக்கு ரேடியோ கிடையாது. ஓட்டுகிறவருக்கு எது சொல்ல வேண்டுமென்றாலும் கரும்பலகையில் சாக்குக்கட்டியால் எழுதி, சுவரோரம் நின்று தூக்கிக் காட்ட வேண்டும். ஒருவர் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது விதி. காருக்குள் கடிகாரம் இல்லாததால் அந்தப் பலகைதான் எங்களுக்கு மணி.

"வாங்கண்ணே. எப்ப வந்தீக? ராத்திரி தூங்குனீகளா?" என்றார் செல்வி. முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் அந்தப் பலகை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "மச்சான், எளச்சுப் போயிட்டீக" என்றார். அதற்குள் அவரைக் காருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

7.00. கொடி அசைந்தது. முதல் முறை மாப்பிள்ளையுடையது. பெட்ரோல் கார்கள் அலறிக்கொண்டு முன்னால் பாய்ந்தன. எங்கள் ஒன்பதும் கல்யாணத்துக்குப் போகிற வேன்களைப் போல் பின்னால் சென்றன. டீசல் காரில் எஞ்சினைக் கதறவிட்டுப் பயனில்லை. சீக்கிரமே கியரை மாற்றி, குறைந்த வேகத்திலேயே டீசலுக்கு உள்ள இழுப்பை வைத்து வளைவிலிருந்து வேகமெடுக்க வேண்டும். எங்களுக்கு உள்ள ஒரே அனுகூலம் டேங்க்தான். பெட்ரோல் கார்கள் அன்று ஐந்தாறு தடவை நிரப்ப வந்தன. நாங்கள் இரண்டே தடவை.

9.00. ஆள் மாற்றம். இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்குப் பெல்ட் மாட்டிவிட வேண்டும். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைக்கு இரண்டு. மாப்பிள்ளை குனிந்து என் தோள் பட்டையை இழுத்தபோது அவர் மூச்சு என் ஹெல்மெட் கண்ணாடியில் பட்டது. "மூணாவது வளைவுல மணலு கெடக்கு. அங்குட்டுப் போகாம உள்ளுக்கே பிடிங்க" என்றார். கதவைச் சாத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இருக்கை அவர் உட்கார்ந்த சூட்டோடு இருந்தது. ஒரே காரை, ஒரே இருக்கையை, ஒரே நாளைப் பகிர்ந்துகொள்கிற இரண்டு பேர் சேர்ந்து இருக்க முடியாத விளையாட்டு இது. இத்தனை வருடம் எனக்கு இது உறைத்ததில்லை.

ஓட்டினேன். நன்றாகவே ஓட்டினேன் என்று நினைக்கிறேன். டீசல் பிரிவில் மூன்றாவதாக இருந்த கார் என் முறையில் இரண்டாவது இடத்துக்கு வந்தது. ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். சுமார் அறுபது சுற்று ஆனதும் சுவரோரம் செல்வி பலகையைத் தூக்கினார். உள்ளே வா என்பதற்கு வழக்கமாக அதில் ஒரு அம்புக்குறி மட்டும் இருக்கும். செல்வி எழுதியிருந்தது இது: "வாங்க அண்ணே."

மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு யாராவது மரியாதை கொடுத்து எழுதுவார்களா? வேறு யாருக்காவது எழுதியிருந்தால் சிரித்திருப்பேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுவரில், அந்தப் பலகையில், "அண்ணே" என்று எழுத வசந்தி ஒருத்திக்குத்தான் உரிமை. பார்க்காதவன் போல் கடந்தேன். அடுத்த சுற்றிலும் பலகை இருந்தது. மறுபடியும் கடந்தேன். டேங்கில் டீசல் இருந்தது, எஞ்சின் சூடாகவில்லை. காரிலிருந்து என்னை இறக்க அந்தப் பலகையைத் தவிர வேறு காரணமே இல்லை. பதினோரு சுற்று. பதினோராவது சுற்றில் நடுவர் எங்கள் எண்ணைக் காட்டிக் கறுப்புக் கொடி ஆட்டினார்.

11.22. உள்ளே வந்தேன். விதியை மீறியதற்காக ஐந்து சுற்றுகளைக் கழிப்பதாக அறிவித்தார்கள். டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை இருக்கையில் ஏறிக்கொண்டே, "ஏன் மச்சான் இம்புட்டு நேரம்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி சொன்னார்: "என் தப்புங்க. பலகையைத் தலைகீழாப் பிடிச்சிருக்கேன் போல. அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது."

மாப்பிள்ளை அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அந்தப் பொய்யை நானும் மறுக்காமல் குனிந்து அவருக்குப் பெல்ட் மாட்டினேன். இடுப்புப் பட்டை இரண்டு தடவை நழுவியது. கார் போய்விட்டது.

அடுத்த இரண்டு மணி நேரம் தகரக் கூரைக்குக் கீழே நானும் செல்வியும் மட்டும். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் தட்டில் போட்டுக் கொடுத்தார். "காரம் சேருமாண்ணே உங்களுக்கு?" என்று கேட்டார். சேரும் என்றேன். அவர் சுற்றுகளை எண்ணிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எனக்காகப் பொய் சொன்ன ஒருவருக்கு முன்னால் அவர் கொடுத்த சோற்றைத் தின்றுகொண்டிருப்பது எப்படிப்பட்ட கேவலம் என்பது எனக்கு அன்று தெரிந்தது. சுற்றிலும் நூறு பேராவது இருந்தார்கள். அத்தனை சத்தத்துக்கு நடுவில் அப்படி ஒரு தனிமையை நான் என் வீட்டில்கூட அனுபவித்ததில்லை.

1.20. மாப்பிள்ளை இறங்கினார், நான் ஏறினேன். அவர் தோள் பட்டையை மாட்டும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள, செல்வி மேல தப்பில்லைங்க. பலகை நேராத்தான் இருந்துச்சு. நான் பார்த்துட்டேதான் போனேன்."

அவர் கை நிற்கவில்லை. தொடைப் பட்டையை மாட்டி, இழுத்துப் பார்த்தார். "தெரியும் மச்சான். நான் அவ பக்கத்துலதான நின்னேன். நேராத்தான் பிடிச்சா" என்றார். பிறகு காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார். போ என்று அர்த்தம்.

அந்த இரண்டு மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். பதில் சொல்ல ஆளில்லை. ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணைத் துடைக்க முடியாது, கண்ணாடியில் ஆவி படியும், அவ்வளவுதான். பலகையை மட்டும் பார்த்து முறைத்துக்கொண்டு போனேனே தவிர, அதன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பதினோரு சுற்றிலும் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மாப்பிள்ளையைப் பார்த்திருப்பேன். இந்தத் தடவை பலகை தெரிந்த முதல் சுற்றிலேயே உள்ளே வந்துவிட்டேன்.

3.20. மாப்பிள்ளை கடைசி முறைக்குப் போனார். நான் செல்வி பக்கத்தில் போய் நின்றேன்.

"பார்த்தேன்மா. பதினோரு தடவையும் பார்த்தேன்."

"தெரியும்ணே. ஆறாவது தடவை மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போனீக."

"அப்புறம் எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

"காரை விட்டு எறங்குனதும் அப்பிடியே பஸ்ஸேறிப் போயிருவீகளோன்னு பயந்துட்டேன். உங்களுக்குப் போன் போடணும்னு அவுக ஆறு மாசமா போனைக் கையில எடுப்பாக, வைப்பாக. நாந்தான் சும்மா பேசுங்கன்னேன்." பிறகு, "எனக்குக் கோவமெல்லாம் இல்லண்ணே. கைதான் வலிச்சுச்சு" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் பலகையை என்னிடம் நீட்டினார். "அப்ப இனிமே நீங்க பிடிங்க. அவுகளுக்கு எத்தனை சுற்று ஆச்சுன்னு எழுதுங்க." ஐந்து மணி வரை நான்தான் பிடித்தேன். உண்மையிலேயே கை வலித்தது.

5.00. டீசல் பிரிவில் நான்காவது. கோப்பை மூன்றாவது இடம் வரைக்கும்தான். எங்களுக்கும் மூன்றாவதுக்கும் மூன்று சுற்று இடைவெளி, கழிக்கப்பட்டது ஐந்து. கணக்கு எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. பேசலாம் என்று நான் மாப்பிள்ளையிடம் போனபோது அவர் டயர் அடுக்கின் மேல் சாய்ந்து, பந்தய உடையோடு தூங்கிக்கொண்டிருந்தார். பத்து மணி நேரத்தில் நாங்கள் இருவரும் அருகருகே இருந்தது நாலு தடவை, தடவைக்கு ஒரு நிமிடம். அவர் பக்கத்தில் ஒரு டயரைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் எழுந்திருக்கும் வரை அங்கேயே இருந்தேன்.

வீட்டுக்குச் சாப்பிட வரச்சொன்னார்கள். இன்னொரு தடவை வருகிறேன் என்றேன். அந்த வீட்டு வாசலில் வசந்தி இல்லாமல் கால் வைக்கும் தெம்பு அன்று எனக்கு இல்லை. மாப்பிள்ளை வற்புறுத்தவில்லை. "இன்னொரு தடவைன்னு சொல்லிட்டீக மச்சான். சொன்னா வரணும்" என்றார்.

லாட்ஜ் வாசலில் என்னை இறக்கிவிடும்போது செல்வி தன் எண்ணை என் போனில் பதிந்து கொடுத்தார். "காலையில எத்தனை மணிக்குப் பஸ்ஸு? போய்ச் சேந்ததும் ஒரு போன் போட்ருங்க."

திங்கட்கிழமை காலை 6.00-க்குக் கிளம்பிய பஸ், மதியம் 1.30-க்குக் கோவை வந்தது. என் வீடு பட்டறைக்கு மேல்மாடி. மூன்று நாள் சாத்தியிருந்த வீட்டுக்கே உரிய ஒரு வாடை உண்டு. பயணம் போய் வருகிறவர்கள் ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும், பேச்சு மாறும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். போய்ச் சேர்ந்தாயா என்று கேட்க நான்கு வருடமாக இங்கே யாரும் இல்லை. ஹெல்மெட்டை மேஜையில் வைத்துவிட்டு, உட்காராமலே போன் செய்தேன்.

"சேந்துட்டீகளா? சாப்பிட்டீகளா?" அவர் குரலுக்குப் பின்னால் பம்ப் சோதிக்கும் எந்திரத்தின் இரைச்சல் கேட்டது. பட்டறையில் இருந்தார்கள் போல.

"வந்துட்டேன்மா. இனிமேத்தான் சாப்பிடணும்."

"சரிண்ணே."

அடுத்து என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஆனால் இருவருமே போனை வைக்கவில்லை.