அக்காள் வீட்டுக் கூரை

அந்த ஆண்டு தகரம் வந்து இறங்கிவிட்டது, பலகையும் வந்துவிட்டது, பெர்த்திலிருந்து வரவிருந்த ஆறு மாணவர்களும் விமானச் சீட்டு எடுத்துவிட்டார்கள். பழுதுபார்ப்பதற்கு ஒரு வீடுதான் கிடைக்கவில்லை.

கேட்பவருக்குச் சிரிப்பு வரலாம். ஈப்போவுக்கு வடக்கே செமோரைத் தாண்டியிருக்கும் அந்தப் பழைய ரப்பர்த் தோட்டத்து லயத்தின் வரிசைவீடுகளில் ஒழுகாத வீடென்று ஒன்றும் கிடையாது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையையும் சாய்த்து, நிலத்தை வீடு கட்டி விற்கும் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். லயத்தில் எஞ்சியிருந்த குடும்பங்களுக்கு மலிவு வீடுகள் தருவதாகப் பேச்சு முடிந்திருந்தது. முதற்கட்ட வீடுகள், குடியிருக்கவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு. அதிகாரி ஒருவர் நேரில் வந்து, கூரையையும் சுவரையும் பார்த்து முடிவு செய்வார். அவர் எப்போது வருவார் என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே லயத்தில் எவரும் ஓர் ஆணிகூட அடிக்காமல் காத்திருந்தார்கள்.

விமலாவுக்கு இந்தச் செய்தி சன்னாசியின் வாசலில்தான் உறைத்தது. ஈப்போவில் ஒரு தமிழ்ச் சபையின் இளைஞர் ஊழியராக அவள் பல ஆண்டுகளாய் இருக்கிறாள். ஆண்டுதோறும் வெளிநாட்டுக் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றிலிருந்து பயிற்சி ஊழியத்துக்கு வரும் மாணவர்களுக்குத் தங்குமிடமும் சோறும் ஏற்பாடு செய்வது அவள் பொறுப்பு. காலையில் அவர்கள் ஏழை வீடு ஒன்றைச் செப்பனிடுவார்கள். மாலையில் லயத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் பாட்டும் பந்தாட்டமும் சொல்லித்தருவார்கள். எல்லாவற்றுக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பவள் விமலா. வீட்டைத் தேர்ந்தெடுப்பவளும் அவளே.

முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியும் இந்நாள் தொழிற்சாலைக் காவலாளியுமான சன்னாசி, அவளை உள்ளே அழைத்துச் சென்று கூரையின் ஓட்டைகளைக் காட்டினார், நகைகளைக் காட்டுவது போல.

"பாத்தியாம்மா? இந்த ஒழுகல்தான் எனக்கு வீடு வாங்கிக் குடுக்கப் போவுது. நீ தகரத்தப் போட்டு மூடிறாத. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"அவங்க எவ்ளோ தூரத்திலேர்ந்து வாராங்க, அண்ணே."

"வரட்டும்லா. சுத்திப் பாக்கட்டும். கெல்லிஸ் காசல் இருக்கு, கொகை கோயில் இருக்கு. ஏன், என் ஓட்டைதான் கெடச்சிச்சா?"

எட்டு வாசல்களில் இதே பதில். ஒன்பதாவது வாசல் அவளுடைய சொந்த அக்காள் கலாதேவியின் வாசல்.

கலாதேவி கணவனை இழந்தவள், பிள்ளைகள் இல்லை. சிறு வயதில் மரத்திலிருந்து பால் எடுத்தவள், இப்போது அந்தப் பாலில் செய்த கையுறைகளுக்குக் காற்றடைத்து ஓட்டை பார்க்கும் ஆலையில் வேலை செய்கிறாள். தங்கை பன்னிரண்டு வயதில் இதேபோல் வந்த மாணவர் கூட்டத்திடம் ஆங்கிலம் பழகி, பின்னர் ஞானஸ்நானம் பெற்றபோது, லயமே முணுமுணுத்தது. இவள் மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த ஆங்கில வகுப்பில் இவளும் சில நாள் உட்கார்ந்தவள்தான். விடியுமுன் வெட்டுக்காட்டுக்குப் போய்வந்த களைப்பில் வகுப்பிலேயே தூங்கினாள், பிறகு நின்றுவிட்டாள். தங்கை தவறாமல் போகட்டும் என்று மாலைச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

"ஆபிசர் வந்து பாத்துட்டுப் போவட்டும் விமலா," என்றாள் கலாதேவி. "அப்புறம் கூரையும் போடு, பெயிண்டும் அடி. நானா வேணாங்கிறேன்?"

"எட்டு வாரந்தான்க்கா இருப்பாங்க. தகரம் சர்ச்சு வாசல்ல கெடக்கு. பாஸ்டருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"எனக்கு அந்தப் புது வூட்ட விட்டா வேற கதி இல்லடி."

"ஒனக்கு எப்படியும் குடுப்பாங்கக்கா. தனியா இருக்கிற பொம்பளைக்குத்தான் மொத வீடு. நான் விசாரிச்சிட்டேன்."

விமலா விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். அடுத்த வாரமே போய் விசாரித்துவிடலாம் என்றும் அக்கணத்தில் உண்மையாகவே நம்பினாள்.

கலாதேவி தங்கையின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "நீ படிச்சவ. நாலு எடத்துக்குப் போய்வாரவ. சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, சாமான்களை ஒதுக்கத் தொடங்கினாள்.

மாணவர்கள் வந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல வழியில்லை. தலைவனான ஜோயல் தச்சன் மகன். சாரத்தில் ஏறினால் பொழுது சாயும்வரை இறங்கமாட்டான். மாரியம்மன் படத்தை இடம் மாற்றும் முன் ஹானா என்ற பெண் கலாதேவியிடம் அனுமதி கேட்டு, படத்தைத் தன் துண்டில் சுற்றி எடுத்துவைத்தாள். கலாதேவியும் அவர்களுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தாள். "அக்கா, தண்ணி" என்று ஜோயல் கூரைமேலிருந்து தமிழில் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தாள்.

மாலை வேளைகளில், முன்பு தோட்டத்தில் படம் காட்டிய கொட்டகையில் பிள்ளைகள் கூடினார்கள். ஒருநாள் ஒரு சிறுமி ஜோயலைக் காட்டி, "டீச்சர், இந்த அண்ணன் ஏன் அவிச்ச எறாலு மாதிரி இருக்காரு?" என்று கேட்டாள். கொட்டகையே உருண்டு சிரித்தது. விமலா முகம் மாறாமல் ஆங்கிலத்தில், "எங்கள் ஊர் வெயில் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அன்போடு கேட்கிறாள்," என்றாள். ஜோயல் நெகிழ்ந்துபோய், நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னான். இப்படி இரு பக்கமும் நோகாமல் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் விமலாவுக்கு நிகர் எவருமில்லை என்பது சபையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தி. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

விசாரிக்கப் போகவேண்டிய வாரம் வந்தது, போயிற்று. வேலை ஓயவில்லை.

அதிகாரி வந்தபோது கூரை முடிந்திருந்தது. சுவருக்கு இளநீல வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். விமலா அன்று சபையில் இருந்தாள். நடந்ததைச் சன்னாசிதான் தொலைபேசியில் சொன்னார். அதிகாரி நல்ல மனிதராம். வாசற்காலைத் தட்டிப் பார்த்தாராம், அண்ணாந்து பார்த்தாராம், ஜோயலின் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். பிறகு கலாதேவியிடம் மலாய் மொழியில், "ஆண்ட்டிக்குப் பாக்கியம் இருக்கிறது. இந்த லயத்திலேயே குடியிருக்கத் தகுந்த வீடு இதுதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டாராம்.

"எனக்கு வீடு எழுதிட்டாங்கம்மா," என்றார் சன்னாசி. மகிழ்ச்சியை மறைக்க அவர் எடுத்துக்கொண்ட முயற்சி விமலாவின் காதில் விழுந்தது. "ஒங்கக்காதான் பாவம். அன்னிக்கே சொன்னேன்ல?"

மறுநாள் விமலா மலிவு வீடுகளை ஒதுக்கும் அலுவலகத்துக்கு ஓடினாள். முகப்பிலிருந்த பெண் மரியாதையோடு விளக்கினாள். தனியாக வாழும் பெண்களுக்கென்று தனிச்சலுகை எதுவும் இல்லை. வீட்டின் நிலைமைதான் கணக்கு. அடுத்த கட்டம் வரும். ஆனால் எந்த ஆண்டு என்று சொல்வதற்கில்லை. லயமோ இந்த ஆண்டு முடிவதற்குள் இடிபட்டுவிடும். புதுக் கூரையும் சேர்ந்துதான்.

அங்கிருந்து நேரே அக்காளிடம் போனாள். கலாதேவி திட்டவில்லை, அழவுமில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தாள். விமலா குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"கடைத்தேங்காய எடுத்து வழிப்புள்ளையாருக்கு ஒடச்சிட்ட," என்றாள் கடைசியில். "சரி. ஒஞ் சாமி ஒனக்கு."

"நான் வேணும்னு செய்யலக்கா."

"விசாரிச்சியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

விமலா குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலாதேவி அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய்க் கழுவி வைத்தாள்.

மாணவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பாஸ்டரிடம், "அடுத்த கட்டத்துல கெடைக்கும் பாஸ்டர்," என்று விமலா சொல்லி முடித்துக்கொண்டாள். அவர்கள் புறப்படும் ஞாயிற்றுக்கிழமை சபையில் நன்றி ஆராதனை. "ஒங்க அக்காவ ரெண்டு வார்த்த பேசச் சொல்லுங்க சிஸ்டர். புள்ளைங்க கைக்காசப் போட்டு வந்ததுங்க. மனசு நெறஞ்சு போவட்டும்," என்றார் பாஸ்டர். விமலா தயங்கித் தயங்கி அக்காளிடம் கேட்டாள். மறுப்பாள் என்று எதிர்பார்த்தாள். மறுக்கவேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள்.

"வாரேன்," என்றாள் கலாதேவி.

பச்சைச் சேலை கட்டி, நெற்றியில் திருநீற்றோடு வந்தாள். திரையில் அவளுடைய வீட்டின் பழைய படமும் புதிய படமும் மாறிமாறி வந்தன. விமலா ஒலிவாங்கியை அக்காளின் வாய்க்கருகே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வூடு நல்லா இருக்கு. மழ பெஞ்சா ஒரு சொட்டு ஒழுகல," என்றாள் கலாதேவி.

விமலா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். மாணவர்கள் புன்னகைத்தார்கள்.

"ஒழுகாததனால எனக்கு வீடு இல்லன்னுட்டாங்க. இந்த வூட்டையும் வருசக் கடைசியில இடிச்சிருவாங்க."

விமலா மாணவர்கள் பக்கம் திரும்பினாள். "இப்படியொரு வீட்டில் வாழ்வோம் என்று நான் எண்ணியதே இல்லை என்கிறார்," என்றாள் ஆங்கிலத்தில்.

"புள்ளைங்க மேல தப்பில்ல. அதுங்களுக்குத் தெரியாது." கலாதேவி தங்கையின் பக்கம் திரும்பவில்லை, மாணவர்களைப் பார்த்தே பேசினாள். "தெரிஞ்சவ கையில மைக் இருக்கு."

"பிள்ளைகளே, உங்களை என்றைக்கும் மறக்கமாட்டேன் என்கிறார்," என்றாள் விமலா. குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தைக் கண்டு ஹானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் தமிழர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலமும் தெரியும். இரண்டையும் கேட்டவர்கள் அவர்கள். முதல் வரிசையில் ஒருவர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் தரையைப் பார்த்தார். பிறகு எங்கோ ஒருவர் தட்டினார்; அடுத்தவரும் தட்டினார்; கடைசியில் சபை முழுவதும் கைதட்டியது. யாரோ "அல்லேலூயா" என்றார்.

விருந்து நடக்கும்போது பாஸ்டர் விமலாவின் அருகில் வந்து, தாழ்ந்த குரலில், "சமாளிச்சிட்டீங்க சிஸ்டர்," என்றார். அதை அவர் பாராட்டாகவே சொன்னார்.

கலாதேவி சாப்பிடவில்லை. சபைப் பெண்கள் பொட்டலம் கட்டிக் கொடுத்த பிரியாணியையும் வாங்கவில்லை. விமலா காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, முன்கதவைத் திறக்காமல், பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள், வாடகைக் காரில் ஏறுவது போல.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது கலாதேவி கேட்டாள்: "நான் இங்கிலீஸ்ல என்ன சொன்னேன்?"

விமலா கண்ணாடியில் அக்காளின் முகத்தைத் தேடினாள். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்றி சொன்னக்கா. அவங்கள மறக்கமாட்டேன்னு சொன்ன."

கலாதேவி சேலைத் தலைப்பை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் பேசியிருக்கேன்," என்றாள்.

பெரிய சாலையிலிருந்து லயத்துக்குத் திரும்பும் செம்மண் பாதையின் முனை வந்ததும், "இங்கயே எறக்கி வுடு," என்றாள். "வூடு வரைக்கும் வராத. நான் நடந்துக்கிறேன்."