ஏழு தென்னையை எழுபதாக்கிய சட்டத்தரணி

சட்டத்தரணிக்கு வாய்தான் மூலதனம் என்று நம்பிக் கறுப்புக் கோட்டை மாட்டியவர்களே, கொஞ்சம் கிட்ட வாருங்கள். சேர்ந்து வெட்கப்பட எனக்கு ஆள் வேண்டும்.

சந்தியில் நின்றவன்

சண்டை முடிந்து எல்லாரும் ஊர் திரும்பிய காலம். எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்குக் காணிக் கந்தோர் அனுமதிக் கடிதம் கொடுத்தது. சண்டைக்காலத்தில் ஆயுதக்காரரால் மறிச்சுக்கட்டியிலிருந்து விரட்டப்பட்டு, புத்தளத்து முகாமில் இருபது வருசம் கிடந்து வந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு மட்டும் மறுத்தது. அவர்களின் வளவில் காடு ஏறியிருந்தது, காடு அரசாங்கத்தினதாம். பன்னிரண்டு குடும்பங்களில் முதல் ஆளாக வழக்குப் போட வந்தவர் ஹாஜறா, தையல்காரி. அவர் வென்றால் மற்றவர்களுக்கும் வழி திறக்கும்.

பேச்சுவாக்கில், அவர்களை விரட்டிய அன்று நான் மறிச்சுக்கட்டிச் சந்தியில் குறுக்கே நின்று விரட்டியவர்களை மறித்தேன் என்று அளந்தேன். உண்மையில் மன்னாரில் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். ஹாஜறா சிரிக்காமல் சொன்னார்: "அந்தச் சந்தியால கடைசியாப் போனது நாங்கள்தான், ஐயா. உங்களைக் காணேல்லையே."

சத்தியக்கடதாசி

காணி உறுதி இல்லை. ஓடின ஓட்டத்தில் விட்டுப்போனது. "வளவில என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

"ஏழு தென்னை. பிள்ளை பிறக்கப் பிறக்க வாப்பா ஒவ்வொண்டா..."

"பிள்ளைக் கதை கோட்டுக்கு வேண்டாம், தங்கச்சி."

ஏழு தென்னைக்கு எந்த நீதிபதி அசைவார்? சத்தியக்கடதாசியில் எழுபது என்று ஆங்கிலத்தில் தட்டினேன். அந்தப் பாஷை தெரியாத மனுசி பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். "நீங்கள் எழுதினாச் சரியாத்தான் இருக்கும்."

காட்டுக்குள்ளே

நீதிமன்றம் அனுப்பிய நில அளவையாளர் முட்பற்றையை வெட்டிக்கொண்டு உள்ளே போனார். பாலை மரங்களுக்கு நடுவே ஏழு தென்னை. நாலு காய்த்தபடி, மூன்று தலை பட்டுப்போய். ஹாஜறா ஒவ்வொன்றையும் தொட்டு தனக்கு மூத்த நானாமார், ராத்தாமார் ஆறு பேரின் பேர் சொன்னார். ஏழாவது அவருடையது. ஏழு பேரின் பிறப்புப் பத்திரமும் பையில் இருந்தது. அதைவிட நல்ல சாட்சியை நான் என் தொழிலில் கண்டதில்லை.

அளவையாளர் என் கடதாசியையும் மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "மிச்சம் அறுபத்து மூண்டையும் யானை விழுங்கிப்போட்டுதோ, ஐயா?"

கோட்டு வாசல்

ஹாஜறா சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவர் என்று வழக்குத் தள்ளுபடியானது. பிறப்புப் பத்திரங்களை ஒருவரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. எழும்பி, "எழுபது என் கைவேலை" என்று நான் சொல்லியிருக்கலாம். கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு இருந்தேன். வெளியே வந்ததும் ஹாஜறா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நான் ஏழு எண்டுதானே சொன்னனான்?"

பதினொரு குடும்பம்

மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தார். மற்றப் பதினொரு குடும்பத்துக்கும் வழக்குப் போட வேண்டுமாம். வேறு ஆளிடம் போகச் சொன்னேன். கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்களாம். கதிரையைத் தூக்கி என் மேசைக்கு இந்தப் பக்கம் போட்டு, தோளோடு தோளாக இருந்தார். "தமிழில எழுதுங்கோ, ஐயா. நான் பக்கத்தில இருந்து வாசிக்கிறன்."

சம உரிமைக்கு வழக்காடியவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற நான், அந்த உரிமையைக் கேட்டு வந்தவரே என் பேனைக்குக் காவல் இருக்க வேண்டி வந்ததை மட்டும் இன்றுதான் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.