துவைக்கிற கல் இரவல் தரப்படும்

போன மாதம் ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு ஏழுமலை எங்கள் பின்வாசலில் வந்து நின்றார். கையில் பெரிய மஞ்சள் பை. முகத்தில் திருட்டு முழி.

இரவல் கேட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவள் நான். சர்க்கரை கேட்பார்கள், ஏணி கேட்பார்கள், வாரப் பத்திரிகை கேட்பார்கள். (ஏணி திரும்பி வந்துவிடும்.) ஏழுமலை கேட்டது வேறு.

"மேடம், காலையில ஒரு மணி நேரம் உங்க தொவைக்கிற கல்லைக் குடுக்கறீங்களா?"

"ஏன், உங்க கல்லுக்கு என்ன ஆச்சு?"

"கல்லு நல்லாத்தான் இருக்கு. எதிர்ல அம்மா உக்காந்திருக்காங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் தெரு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் வந்த பிறகு முளைத்த தெரு. ஏழுமலை அந்த ஆபீஸில் கிளார்க். அவர் மனைவி தனம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வீட்டில் சமையல் தனம், துவையல் ஏழுமலை. புரட்சியெல்லாம் ஒன்றுமில்லை. நைட் டியூட்டி முடிந்து வருகிறவளுக்கு நிற்கவே தெம்பு இருக்காது, இவருக்கோ துணி துவைக்கப் பிடிக்கும். அவ்வளவுதான். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. அதனால் நல்ல தண்ணீர்க் குழாயிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு வந்து, கட்டி சோப்புப் போட்டு, அளவாக நீலம் கலந்து அலசுவார். தனத்தின் வெள்ளை யூனிஃபார்ம் கொடியில் தொங்கினால் கண் கூசும்.

ஏழுமலையின் அம்மா கன்னியம்மாவுக்குத்தான் அது கண்ணை உறுத்தியது.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை வைத்திருக்கிற, யாருக்கும் பயப்படாத அம்மாள். மகனுக்குக் கல்யாணமான புதிதில் அவன் வீட்டில் தங்கலாம் என்று வந்தவர், மறுநாள் காலை மகன் குந்திக்கொண்டு பெண்டாட்டி புடவைக்கு சோப்புப் போடுவதைப் பார்த்துவிட்டார். கொடுத்த காபியைக்கூடக் குடிக்கவில்லை. "ஊருல தெரிஞ்சா நான் எப்பிடிடா தல நிமுந்து நடப்பேன்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனவர்தான். அதன் பிறகு வரவேயில்லை.

இதற்கு நடுவில் அவருக்கு ஒரு கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் கண் போய்விடும் என்றார் டாக்டர். தனமே எல்லா ஏற்பாடும் செய்தாள். கூட வைத்துப் பார்த்துக்கொள்ள நர்ஸ் மருமகளே இருக்கிறாள், வேறென்ன வேண்டும்? ஏழுமலை நாலைந்து தடவை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார்.

"கண்ணு போனா போவுது. அந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

அப்படிச் சொன்னவரை அழைத்து வந்தது யார் தெரியுமா? மகன் இல்லை, மருமகள் இல்லை. ஒரு விளம்பரம்.

சோப்புத்தூள் விளம்பரம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தப் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார், பின் அட்டையில் அவர்கள் விளம்பரம் வருகிறதே.

ஒரு பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில் அந்தக் கம்பெனி வேன் நின்று இலவச பாக்கெட் கொடுத்தது. மலை சுற்றி வருகிறவர்களின் வேட்டி எந்த நிறத்தில் இருக்கும் என்று தெரிந்தவர்கள் போலிருக்கிறது. மறுநாள் அதே வேன் 'உண்மையான இல்லத்தரசி'யைத் தேடி எங்கள் தெருவுக்குள் வந்தது. கேமரா, குடை, தொப்பி போட்ட ஒரு டைரக்டர் தம்பி.

முதலில் எங்கள் வீட்டு முன்தான் நின்றார்கள். நானும் தலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். கொடியில் தொங்கிய என் வீட்டுக்காரரின் பனியனைப் பார்த்தார்கள். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நகர்ந்துவிட்டார்கள்.

அடுத்த வீடு. தனத்தின் யூனிஃபார்ம் ஜொலித்தது. டைரக்டர் கண்ணில் ஒரு பரவசம்.

"இந்த வீட்ல துணி துவைக்கிறது யாரு?"

"நான்தாங்க சார்" என்றார் ஏழுமலை.

"சார் தமாஷா பேசறீங்க. மேடத்தைக் கூப்பிடுங்க."

மேடம் நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். எழுப்பினார்கள். பூ வைத்தார்கள். பட்டுப்புடவை வேண்டுமென்றார்கள், என்னுடையது இரவல் போனது. "ஏன் தம்பி, பட்டு கட்டிக்கிட்டு யார் துணி துவைப்பாங்க?" என்று கேட்டேன்.

"டீவில அப்படித்தான் மேடம் துவைப்பாங்க."

எந்தத் தூள் உபயோகிக்கிறீர்கள் என்று யாரோ கேட்டதற்கு ஏழுமலை, கட்டி சோப்பு என்றார். அது பரவாயில்லை என்றார் டைரக்டர். கொடியிலிருந்த யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஏழுமலையின் வெள்ளைச் சட்டையை மாட்டச் சொன்னார். ஏன் என்று கேட்டாள் தனம். "ஆடியன்ஸ் கன்ஃபியூஸ் ஆவாங்க மேடம். நீங்க சாருக்காகத்தானே துவைக்கிறீங்க?"

கவனித்தீர்களா? அவளைத் தேடி அவர்களை வரவழைத்ததே அவளுடைய யூனிஃபார்ம். படத்தில் முதலில் காணாமல் போனதும் அதுதான்.

ஏழுமலைக்கு ஒரு நாற்காலியும் பேப்பரும் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். பாவம், காலையில் பேப்பர் படித்துப் பழக்கமில்லாத மனிதர். ஈரப் போர்வையை உதறுகிற மாதிரி இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டிருந்தார். டேக் மேல் டேக். காம்பவுண்ட் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏழுமலை, காலைத் தூக்கி கால் மேல போடுங்க. பேப்பர் மூஞ்சிய மறைக்கணும். வீட்ல கூப்பிட்டா உடனே நிமிரக் கூடாது, ரெண்டாவது தடவை கூப்பிட்டாத்தான்."

அனுபவம் பேசியது. அடுத்த டேக் ஓகே.

தனம்தான் திணறினாள். அரை பாக்கெட் தூளை வாளியில் கவிழ்த்தாள். நுரை முழங்கைக்கு மேலே வந்தது. "என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல கிடைக்கிற மரியாதை, என் கை வெளுப்பு" என்று அவள் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று மாத்திரை கொடுக்கிற குரலில் சொன்னாள். கடைசியில் வேறு யாரோ சென்னையில் குரல் கொடுத்துக்கொண்டார்களாம்.

இந்த விளம்பரங்களைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம். புருஷனுக்குத் தலைவலி என்றால் மனைவி தைலம் தேய்க்கிறாள். மனைவிக்குத் தலைவலி என்றால்... அவளே தேய்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே எழுந்து சமைக்கப் போகிறாள். சத்து பானம் குடித்துப் பையன் வளர்கிறான், தங்கை கை தட்டுகிறாள். பாத்திரம் தேய்க்கிற பவுடரை ஆண்பிள்ளை தொடுவாரா? தொடுவார் — வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, அது எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கு விளக்குவதற்காக. தேய்க்கிறவளுக்குத் தெரியாதாம், கோட்டுக்குத் தெரியுமாம்.

சரி, கதைக்கு வருகிறேன். விளம்பரம் டீவியில் வந்தது. கீழ்பென்னாத்தூரில் கேபிள் வைத்திருந்த வீட்டுக்காரர்கள் ஓடிப் போய்க் கன்னியம்மாவைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். சாயங்கால சீரியலுக்கு நடுவில் தெருவே பார்த்தது. மருமகள் பட்டுப்புடவையில் துவைக்கிறாள், மகன் ராஜா மாதிரி பேப்பர் படிக்கிறான்.

மறுநாளே அம்மாள் துணிமூட்டையோடு வந்து இறங்கிவிட்டார். "இப்பதான் எம்மருமவ லட்சணமா இருக்கா" என்று என்னிடமே சொன்னார்.

இப்போது புரிகிறதா, ஏழுமலை ஏன் என் கல்லைக் கேட்டார் என்று? ஆபரேஷனுக்கு இன்னும் சில நாள் இருந்தது. அதுவரை அம்மா கண்ணில் உண்மை பட்டுவிடக் கூடாது. பட்டால் அம்மா அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார், கண் போய்விடும்.

ஆக, விளம்பரம் வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தது. அழுக்குத் துணி மஞ்சள் பையில் சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும். ஏழுமலை வாக்கிங் போகிறேன் என்று கிளம்பி, தெருவைச் சுற்றி எங்கள் பின்வாசல் வழியாக நுழைந்து, சத்தம் வராமல் துவைப்பார். அங்கே தனம் டியூட்டியிலிருந்து வந்த கையோடு, ஏற்கெனவே துவைத்துக் காய்ந்த சட்டைகளை எடுத்து நனைத்து, மாமியார் முன்னால் கல்லில் அடிப்பாள்.

ஒரு நாள் சுவரோரம் என்னிடம் பொருமிவிட்டாள்.

"எனக்கு வெக்கமா இல்லக்கா. கோவமா இருக்கு. ஆஸ்பத்திரியில எத்தினி பேரு புண்ணைத் தொடச்சிருக்கேன், அத ஒருத்தரும் கேட்டதில்ல. தொவைக்காத துணியத் தொவச்சேன்னு ஊரே கொண்டாடுது. தூக்கம் வேற கெட்டுப்போவுது."

"அவங்ககிட்ட சொல்லிடேன் தனம்."

"சொல்லிட்டு, கண்ணு போச்சுன்னா? அவரு காலத்துக்கும் அழுவாரு. ஆபரேஷன் முடியட்டும்க்கா."

எனக்கு அவள் மேல் மரியாதை வந்த அளவுக்கு அந்தத் தொப்பித் தம்பி மேல் ஆத்திரமும் வந்தது. முப்பது நொடி படத்தை எடுத்துவிட்டு அவன் போய்விட்டான். மிச்சத்தை இவள் அல்லவா தினமும் நடிக்க வேண்டியிருக்கிறது?

ஆபரேஷனுக்கு முதல் நாள் விஷயம் முற்றியது. கணவர் போன பிறகு கன்னியம்மா வெள்ளைச் சேலைதான் கட்டுவார். ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போக வைத்திருந்த நல்ல சேலையைத் தனத்தின் கையில் கொடுத்து, டீவியில் துவைத்த மாதிரியே துவைத்துக் கொடு என்று எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். சுவர் தாண்டி அனுப்ப வழியில்லை. தூக்கக் கலக்கத்தில் தனம் நீலத்தைத் தண்ணீரில் கலக்காமல் நேராகச் சேலை மேலேயே ஊற்றிவிட்டாள்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. ஏழுமலைக்குக் காபி கொடுத்துக்கொண்டு பின்கட்டில் நின்றிருந்தேன். அவர் கைலியை மடித்துக் கட்டிக் குந்தியிருந்தார், முழங்கை வரை நுரை, கையில் தனத்தின் யூனிஃபார்ம். என் வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பரோடு. யாரோ விடுவிடுவென்று உள்ளே வரும் சத்தம் கேட்டது. திரும்பினால், கன்னியம்மா.

ஏழுமலை அப்படியே உறைந்துவிட்டார். கீழ்பென்னாத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அம்மாள் கல்லைப் பார்த்தார். நுரையைப் பார்த்தார். மகன் கையிலிருந்த யூனிஃபார்மைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த சேலையைக் கல் மேல் போட்டார். திட்டுத் திட்டாக நீலம், மழைக்கு மூட்டம் போட்ட மாதிரி.

"இத்தையும் சேத்துத் தொவை."

"அம்மா... தனந்தாம்மா எப்பவும்..."

"சும்மா கெடடா. வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். காஞ்ச துணிய நனைச்சி நனைச்சி அடிக்கறா, அழுக்குத் துணி செவுரு தாண்டி இங்க வருது. ஒரு கண்ணு தெரியலன்னா இன்னொண்ணுமா தெரியாது?"

நான்தான் கேட்டேன். "தெரிஞ்சும் ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"இன்னாத்துக்குச் சொல்றது? எங்க தெருவே டீவில பாத்துட்டு, உம்மருமவ மாதிரி வருமான்னு பேசுது. எனக்கு அது போதும். வெளம்பரம் ஊருக்கும்மா. பொடவை என்னுது."

சொல்லிவிட்டு மகன் பக்கம் திரும்பினார். "எந்திரி. எடுத்துக்கினு நம்ம வூட்டுக்கு வா. அடுத்த வூட்டுக் கல்லுல குந்திக்கினு தொவைக்கிறியே, ஊரு இன்னா பேசும்?"

போகிற வழியில் நின்று, குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னார். "அந்தப் பொண்ணு தூங்கட்டும். வூட்டுக்குள்ள போயி சத்தம் போடாத."

ஏழுமலையின் கண் கலங்கியிருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மாள் மகன் வீட்டிலேயே இருக்கிறார். பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம், விளம்பரம் வரும்போதெல்லாம், "கை வேலைன்னா எம்மருமவ கை வேலைதான்" என்கிறார். பின்கட்டிலிருந்து ஏழுமலை, "அம்மா, நீலம் எங்க வச்ச?" என்று கேட்கிறார். மருமகள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள்.

எங்கள் வீட்டுத் துவைக்கிற கல் இப்போது காலியாக இருக்கிறது — உட்கார வேண்டிய ஆளை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன், பேப்பர் இன்னும் இறங்கவில்லை.